ஆறு ஏறும் ஹெர்ரிங் குறைவது ஏன்? தூண்டில்காரர்கள் கவலைப்படுவது ஏன்?

புதுவெள்ளம் வந்ததும் ஏரிக் கலிங்கிலும் வாய்க்கால் மடையிலும் மீன் எதிரேறி வருவதைப் பார்த்தவர்களுக்கு, இந்தக் கட்டுரையின் அடிப்படைச் செய்தி புதிதாக இராது. மீன் சில காலங்களில் நீரோட்டத்தை எதிர்த்து ஏறும். பெரும்பாலும் அது முட்டையிடுவதற்கான பயணம். அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையில் ஒவ்வோர் இளவேனிலிலும் நடக்கும் அத்தகைய ஓர் ஏற்றத்தைப் பற்றியும், அது கண்முன்னே மெலிந்துபோனதைப் பற்றியும், அங்கே பொழுதுபோக்காகத் தூண்டில் போடுகிறவர்கள் ஏன் இதைத் தங்கள் சொந்தக் கவலையாகக் கொண்டிருக்கிறார்கள் என்பதைப் பற்றியும் இங்கே விளக்க முயல்கிறேன்.

ஆற்று ஹெர்ரிங் என்ற பெயரால் அங்கே குறிக்கப்படுபவை இரண்டு மீன்கள். ஒன்று ஏல்வைஃப், மற்றொன்று புளூபேக், அதாவது நீலமுதுகு ஹெர்ரிங். இரண்டும் ஒரு சாணுக்குச் சற்று மேல், 25 முதல் 30 செ.மீ. வரை வளரும். வெள்ளி நிறமும், இருபுறமும் அமுங்கிய உடலும், அடிவயிற்றின் விளிம்பில் ரம்பம்போல் கையை உரசும் செதில் வரிசையும் உடையவை. நம் சந்தையில் சாளை, மத்தி என்று வாங்கும் மீன்களுக்கு இவை உறவு என்று சொன்னால் உருவம் உடனே மனத்தில் நிற்கும். அதைவிட நெருக்கமான ஒப்புமை உல்லம் என்கிற ஹில்சா. கடலில் வளர்ந்து முட்டையிட ஆறு ஏறுவதுதான் அதற்கும் வழக்கம். ஏல்வைஃபையும் நீலமுதுகையும் கையில் வைத்துப் பார்த்தாலும் பிரித்தறிவது கடினம். ஏல்வைஃபின் கண் சற்றுப் பெரியது. ஆனால் ஐயமறத் தெரிய வேண்டுமானால் வயிற்றைக் கீறி உட்சவ்வைப் பார்க்க வேண்டும். ஏல்வைஃபில் அது வெளிறியிருக்கும். நீலமுதுகில் கரி பூசியதுபோல் கறுத்திருக்கும். உயிரோடிருக்கும் மீனில் இந்தச் சோதனைக்கு வழியில்லாததால், சட்டமும் கணக்கெடுப்பும் பெரும்பாலும் இரண்டையும் ஒரே பெயரில் சேர்த்தே நடத்துகின்றன.

ஒரு குழப்பத்தை முதலிலேயே நீக்கிவிடுவது நல்லது. அமெரிக்காவின் பேரேரிகளிலும் ஏல்வைஃப் உண்டு. அங்கே அது வெளியிலிருந்து புகுந்து பெருகித் தொல்லை கொடுத்த மீன். 1967ஆம் ஆண்டுக் கோடையில் மிச்சிகன் ஏரிக்கரை நெடுகச் செத்து ஒதுங்கிக் குவிந்தது இந்த மீன்தான். அந்தக் கதையைக் கேட்டவர்கள், இத்தனை பெருகுகிற மீனையா காக்க வேண்டும் என்று கேட்பதுண்டு. ஏரிக்குள்ளேயே பிறந்து இறக்கும் அந்தக் கூட்டத்துக்கும், கடலுக்கும் ஆற்றுக்கும் இடையில் வாழும் அட்லாண்டிக் கரைக் கூட்டத்துக்கும் இருப்பிடம் வேறு, வாழ்க்கை வேறு. ஒன்றின் பெருக்கம் மற்றதன் குறைவை ஈடுசெய்வதில்லை.

இனி அந்த வாழ்க்கையைப் பார்ப்போம். ஏல்வைஃப் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து முதல் கரோலினா மாநிலங்கள் வரையிலும், நீலமுதுகு நோவா ஸ்கோஷியா முதல் ஃபுளோரிடா வரையிலும் காணப்படுகின்றன. நன்னீரில் பிறந்து, முதல் கோடை முழுவதையும் அங்கேயே கழித்து, விரல் நீளம் வளர்ந்ததும் குஞ்சுகள் கடலுக்கு இறங்குகின்றன. கடலில் மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் வளர்ந்து, சினை பிடித்த பிறகு ஆறு ஏறுகின்றன. ஏல்வைஃப் முந்திக்கொள்ளும், ஆற்று நீர் ஏறத்தாழ 10 டிகிரி செல்சியஸ் ஆனதும் அது குளங்களையும் ஏரிகளையும் தேடிப் போகும். மூன்று நான்கு வாரங்கள் கழித்து, நீர் இன்னும் சற்றுச் சூடேறிய பிறகு வரும் நீலமுதுகு, பெரும்பாலும் ஓட்டமுள்ள ஆற்றிலேயே முட்டையிடும். ஒரு பெண் மீன் அறுபதாயிரம் முதல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட முட்டைகளை இடக்கூடும். பசிபிக் கரைச் சால்மனைப்போல் இவை முட்டையிட்டவுடன் இறந்துவிடுவதில்லை. பிழைத்தவை கடலுக்குத் திரும்பி, அடுத்த ஆண்டும், அதற்கடுத்த ஆண்டும் வரும். வழியில் தொல்லையில்லாத ஆற்றில் மூன்றாம் முறை, நான்காம் முறை ஏறும் மூத்த மீன்களையும் காணலாம். அவை அரிதாகிப்போன ஆற்றில் ஏதோ கோளாறு இருக்கிறது என்று மீன்வளத் துறையினர் கணிப்பது இதனால்தான்.

இந்த விளக்கம் முழுவதற்கும் அச்சாணியான ஒரு செய்தியை இங்கே சொல்ல வேண்டும். இந்த மீன்கள் பெரும்பாலும் தாங்கள் பிறந்த ஆற்றுக்கே திரும்புகின்றன. ஆகவே அட்லாண்டிக் கரையில் ஆற்று ஹெர்ரிங் என்று பொதுவாகச் சொன்னாலும், உண்மையில் இருப்பவை நூற்றுக்கணக்கான தனித்தனிக் கூட்டங்கள். ஒவ்வோர் ஆற்றுக்கும் அதற்கென ஒன்று. ஓர் ஆற்றின் கூட்டம் அழிந்தால் பக்கத்து ஆற்றிலிருந்து வழிதவறி வரும் சில மீன்களைக் கொண்டுதான் அது மெல்ல மெல்லத் துளிர்க்க வேண்டும். கடலில் எல்லாக் கூட்டங்களும் கலந்து திரிகின்றன. ஆற்றுக்கு வரும்போதுதான் பிரிகின்றன. கடலில் ஒரு வலையில் அகப்படும் மீன் எந்த ஆற்றுக்கு உரியது என்பதை, அதைத் தூக்கிப் பார்க்கிற மீனவர் அறிய வழியில்லை.

ஆற்றில் எண்ணுவது எப்படி என்று பலர் கேட்பார்கள். மசாசூசெட்ஸ் மாநிலத்தில் ஏப்ரல் தொடங்கியதும் ஊர்மக்கள் ஓடைக்கரைகளில் முறைவைத்து நிற்பார்கள். ஓடையின் அடித்தளத்தில் வெள்ளைப் பலகை ஒன்றைப் பதித்திருப்பார்கள். அது இல்லாவிட்டால் பழுப்பு நீரில் பழுப்பு முதுகு தெரியாது. கண் கூசாமலிருக்கத் தனிக் கண்ணாடி அணிந்து, கையில் எண்ணும் கருவியை வைத்துக்கொண்டு, சரியாகப் பத்து நிமிடம் அந்தப் பலகையின்மேல் கடந்துபோகும் மீன்களை மட்டும் எண்ண வேண்டும். மேலே போனால் ஒன்று கூட்டு, கீழே திரும்பினால் ஒன்று கழி. ஐந்து நிமிடம் ஒன்றும் வராமல் இருந்துவிட்டு, திடீரென்று நாற்பது ஐம்பது நிழல்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும்; விரல் அழுத்துவதற்குள் பாதி போய்விடும். நீரின் வெப்பத்தையும் குறித்துக்கொண்டு அடுத்தவரிடம் கருவியைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். பகலின் பல வேளைகளில் இப்படி எடுத்த பத்துப் பத்து நிமிடக் கணக்குகளை வைத்துத்தான் அந்த ஆண்டின் மொத்த ஏற்றம் மதிப்பிடப்படுகிறது. பெரிய அணைகளில், மீன் கடந்து ஏறப் படிபோல் அமைத்த மீன் ஏணியின் மேல்வாயிலோ, மீனை நீரோடு மேலே ஏற்றிவிடும் மீன் தூக்கியின் கண்ணாடிச் சன்னலிலோ நேரடியாக எண்ணுகிறார்கள். பூஜ்யம் என்று எழுதிவிட்டு வருவதும் கணக்குதான் என்று புதியவர்களுக்குச் சொல்லித்தருவார்கள். மெலிந்துபோன ஓடைகளில் அந்தப் பூஜ்யத்தை அடிக்கடி எழுத வேண்டியிருக்கிறது.

மெலிவு எவ்வளவு என்பதைச் சில எண்கள் காட்டும். 1969ஆம் ஆண்டில் உள்நாட்டுப் படகுகளும் வெளிநாட்டுப் படகுகளுமாகச் சேர்ந்து அமெரிக்கக் கிழக்குக் கரையில் பிடித்த ஆற்று ஹெர்ரிங் 14 கோடி பவுண்டு, அதாவது 63,000 டன்னுக்கு மேல். 2000ஆம் ஆண்டுக்குப் பிறகு உள்நாட்டு மீன்பாடு எந்த ஓர் ஆண்டிலும் 40 லட்சம் பவுண்டைத் தொடவில்லை. கனெக்டிகட் ஆற்றின் ஹோலியோக் அணையிலுள்ள மீன் தூக்கியில் 1985ஆம் ஆண்டு ஏறிய நீலமுதுகு ஹெர்ரிங்குகள் 6,30,000க்கு மேல். 2006ஆம் ஆண்டு ஏறியவை 21. அச்சுப்பிழை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது, இருபத்தொன்றுதான்.

மாநிலங்கள் ஒவ்வொன்றாக ஹெர்ரிங் பிடிப்புக்கு ஆற்றை மூடத் தொடங்கின. கனெக்டிகட் 2002இல் தடை விதித்தது. மசாசூசெட்ஸும் ரோட் ஐலண்டும் 2006இல் மூடின. சோவன் ஆற்றில் தலைமுறை தலைமுறையாக ஹெர்ரிங் பிடித்து உப்பிட்டு வந்த வட கரோலினா 2007இல் மூடியது. பிறகு, கிழக்குக் கரை மாநிலங்களின் பொது அமைப்பான அட்லாண்டிக் மாநிலங்களின் கடல் மீன்வள ஆணையம் 2009இல் ஒரு விதியை ஏற்றுக்கொண்டது. பிடித்தாலும் கூட்டம் குறையாது என்று ஒரு மாநிலம் திட்டத்துடன் நிறுவிக் காட்டினால் அன்றி, 2012ஆம் ஆண்டு சனவரி முதல் வணிகத்துக்காகவும் பொழுதுபோக்குக்காகவும் ஆற்று ஹெர்ரிங் பிடிக்கக் கூடாது என்பது அதன் சாரம். 2012இல் அந்த ஆணையம் ஆராய்ந்த 52 கூட்டங்களில் 23 நலிந்தவை, ஒன்று வளர்கிறது, மீதி 28க்கு முடிவு சொல்லப் போதிய தரவு இல்லை என்று கண்டறியப்பட்டது.

அந்த ‘நலிந்தவை’ என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். மீன்வள அறிவியலில் ‘மிகையாகப் பிடிக்கப்பட்டது’ என்று சொன்னால் குற்றம் வலையின்மேல் விழுகிறது. நலிந்தது என்றால் கூட்டம் சிறுத்துவிட்டது என்பது மட்டும் உறுதி. அதற்கு வலை, அணை, வறட்சி, வெப்பம், வேட்டை மீன் எனப் பல காரணங்கள் கலந்திருக்கக்கூடும், இன்னதற்கு இத்தனை பங்கு என்று பிரித்துச் சொல்ல முடியாது என்பது பொருள். இந்த ஒரு சொல்லுக்குள்தான் பின்னால் வரும் எல்லா வழக்குகளும் அடங்கிக் கிடக்கின்றன.

முதல் காரணம் அணை. பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் மாவு ஆலைக்கும் மர ஆலைக்கும் நூற்பாலைக்குமாக, அமெரிக்காவின் வடகிழக்கு மூலையான நியூ இங்கிலாந்துப் பகுதியின் ஓடைகளில் கட்டப்பட்ட தடுப்பணைகள் பல்லாயிரம். அவற்றில் பெரும்பாலானவை இன்று எந்த வேலையும் செய்வதில்லை; ஆலை போய்விட்டது, சுவர் நிற்கிறது. இடுப்பளவு உயரச் சுவரே ஹெர்ரிங்குக்குப் போதும். சால்மனைப்போல் அது எம்பித் தாவாது. நீர் வழியாகத்தான் ஏறும். சாலைக்கடியில் போட்ட குழாய், வெளிவாயில் ஓடை மட்டத்துக்கு ஓர் அடி மேலே தொங்கினாலும் கதை முடிந்தது. மேரிலாந்து முதல் மெய்ன் வரை இத்தகைய குழாய்கள் எத்தனையோ உள்ளன. அணையைப்போல் அவை கண்ணில் படுவதில்லை என்பதால் பேச்சில் அடிபடுவதும் இல்லை.

கழிமுகத்தை அடைத்த கதைக்கு வெல்ஃப்ளீட் நல்ல எடுத்துக்காட்டு. மசாசூசெட்ஸின் கேப் காட் தீபகற்பத்திலுள்ள அந்த ஊரில் ஆற்றின் பெயரே ஹெர்ரிங் ஆறு. 1909இல் கொசுவை ஒழிக்கவும் சதுப்பை நிலமாக்கவும் அதன் வாயில் ஒரு மண் அணை கட்டினார்கள். கடல்நீர் ஏறி இறங்குவது நின்றதும் சதுப்பு மண் காய்ந்து அமிலமாயிற்று. கோடையில் நீரில் உயிர்வளி குறைந்தது. கடலுக்கு இறங்க வந்த குஞ்சுகள் வழியிலேயே செத்து மிதந்தன. ஏறும் வழியைப் பற்றிப் பேசுகிற நாம், குஞ்சுகள் இறங்கும் வழியை மறந்துவிடுகிறோம். ஆகஸ்டு முதல் அக்டோபர் வரை குளத்திலிருந்து ஓடைக்கு வழிந்தோடக் கொஞ்சமாவது நீர் இருந்தால்தான் குஞ்சுகள் வெளியேற முடியும். அந்த மாதங்களில்தான் ஊர்க் குடிநீருக்கும் தோட்டங்களுக்கும் நீர் மிகுதியாக இறைக்கப்படுகிறது. வறண்ட ஆண்டில் லட்சக்கணக்கான குஞ்சுகள் குளத்திலேயே சிறைப்பட்டு நிற்பது உண்டு.

இரண்டாவது காரணம் கடலில் இருக்கிறது. 1960களில் சோவியத் ஒன்றியம் உள்ளிட்ட நாடுகளின் பெருங்கப்பல்கள் அமெரிக்கக் கரைக்கு அருகிலேயே வந்து அள்ளின. முன்னே சொன்ன 1969ஆம் ஆண்டு உச்சத்தில் அவற்றுக்குப் பெரும் பங்குண்டு. 1976இல் இயற்றப்பட்ட சட்டம் 200 கடல் மைலுக்குள் அந்தக் கப்பல்களின் ஆதிக்கத்துக்கு முடிவுகட்டியது. ஆனால் அதன்பின் உள்நாட்டிலேயே வேறொரு முறை வளர்ந்தது. அட்லாண்டிக் ஹெர்ரிங், கானாங்கெளுத்தி ஆகிய கடல் மீன்களுக்காகத் தரையைத் தொடாமல் நடுநீரில் பிரம்மாண்டமான வலையை இழுப்பார்கள். பல வேளைகளில் இரண்டு கப்பல்கள் சேர்ந்து ஒரே வலையை இழுக்கும். நம் கரையில் இரட்டைமடி என்றால் மீனவர் ஊர்களில் எவ்வளவு சினம் எழும் என்பது தெரிந்தவர்களுக்கு அங்குள்ள சினத்தையும் விளக்க வேண்டியதில்லை. ஆற்று ஹெர்ரிங் கடலில் இருக்கும்போது அந்த மீன்களோடு கலந்து திரிகிறது. அதைப் பிடிக்க யாரும் வலை போடவில்லை. ஆனாலும் வலையில் அது படுகிறது. ஒரு நல்ல மீன்பாட்டில் அது சிறு விழுக்காடாகவே இருக்கலாம். ஆனால் ஒரு சிற்றாற்றின் மொத்தக் கூட்டமே சில ஆயிரம் மீன்கள்தான் என்றால், அந்தச் சிறு விழுக்காடு அந்த ஆற்றின் ஓர் ஆண்டு ஏற்றத்தையே விழுங்கிவிடக்கூடும். வலையில் பட்ட மீன்களின் மரபணுவை ஆராய்ந்தவர்கள், ஏற்கெனவே மிக நலிந்திருந்த தெற்கு நியூ இங்கிலாந்து ஆறுகளின் மீன்கள் அதில் மிகுதியாக இருப்பதைக் கண்டார்கள். அச்சாணி என்று முன்னே குறிப்பிட்டது இதற்காகத்தான்.

தூண்டில்காரர் இதில் எங்கே வருகிறார்?

அட்லாண்டிக் கரையில் பொழுதுபோக்குக்காக மீன் பிடிப்பவர்களின் தலையாய மீன் ஸ்ட்ரைப்டு பாஸ். உடல் நெடுகக் கருங்கோடுகள் ஓடும் அந்த மீன் பதினைந்து இருபது கிலோ வரை சாதாரணமாக வளரும். செசபீக் விரிகுடாவிலும் ஹட்சன் ஆற்றிலும் முட்டையிட்டுவிட்டு, இளவேனிலில் கரையோரமாக வடக்கு நோக்கிப் போகும் அதன் பயணமும், ஹெர்ரிங் ஆறு ஏறும் காலமும் ஒன்றோடொன்று பொருந்துகின்றன. ஏறக் காத்திருக்கும் ஹெர்ரிங்கைத் தின்பதற்காகப் பெரிய பாஸ்கள் கழிமுகத்துக்குள் வரும். அவற்றைத் தேடித் தூண்டில்காரர்கள் வருவார்கள். படகில்லாத, பாறைமேலும் பாலத்தின்மேலும் நின்று தூண்டில் போடுகிற சாதாரண மனிதருக்குப் பெரிய மீன் கைக்கெட்டும் தூரத்தில் வருவது அந்தச் சில வாரங்களில்தான்.

ஹெர்ரிங்கை உயிரோடு இரையாகப் போடுவது அங்கே பழைய முறை. விடியற்காலையில், சிறு முள்கள் வரிசையாகக் கோத்த நரம்பை இறக்கி நான்கைந்து ஹெர்ரிங்குகளைப் பிடிப்பார்கள். அவற்றை வட்டத் தொட்டியில்தான் விட வேண்டும். ஓயாமல் சுற்றி நீந்துகிற இந்த மீன், சதுரத் தொட்டியின் மூலையில் முட்டி முட்டிச் செதில் உதிர்ந்து சீக்கிரம் செத்துவிடும். பிறகு ஒன்றை எடுத்து, மூக்கிலோ முதுகுத் துடுப்புக்கு முன்னாலோ முள்ளைக் கோத்து, ஈயக் குண்டு எதுவும் கட்டாமல் நீரில் விட்டுவிடுவார்கள். நரம்பை இறுக்காமல் விரல்மேல் ஓடவிட்டுக்கொண்டு நிற்க வேண்டும். பாஸ் நெருங்கியதும் ஹெர்ரிங் மிரண்டு துடிப்பது விரலில் தெரியும். பிறகு ஒரு நொடி அமைதி. அதன்பின் நரம்பு தானே உருவிக்கொண்டு ஓடும். தகப்பனிடமிருந்து மகன் கற்ற இந்த முறை மசாசூசெட்ஸில் 2006இலிருந்து சட்ட விரோதம். அங்கே ஆற்று ஹெர்ரிங்கைப் பிடிப்பதும், கையில் வைத்திருப்பதும், விற்பதும் குற்றம். திட்டம் ஒப்புதல் பெற்ற சில இடங்களில் மட்டும் வரம்புடன் வழி இருக்கிறது. ஹட்சன் ஆற்றில் ஒருவர் ஒரு நாளைக்குப் பத்து மீன் வரை எடுக்கலாம் என்பது நியூயார்க் மாநிலத்தின் விதி. மெய்ன் மாநிலத்தில் பல ஊராட்சிகள் இன்னும் தங்கள் ஓடையில் பிடிக்கும் உரிமையை வைத்திருக்கின்றன. முட்டையிடும் குளத்தின் பரப்பில் ஏக்கருக்கு 35 மீன் என்ற கணக்கில் மேலே ஏறவிட வேண்டும், வாரத்தில் சில நாள்கள் பிடிக்காமல் விட வேண்டும் என்பவை அங்குள்ள நிபந்தனைகள்.

ஆகவே தூண்டில்காரரின் மனக்குறையை நேர்மையாகச் சொல்ல வேண்டுமானால் இப்படிச் சொல்லலாம்: நான்கு மீனை இரைக்காக எடுத்த நான் தடையை ஏற்றுக்கொண்டேன், அதே மீனைக் கடலில் டன் கணக்கில் அள்ளுகிற வலைக்கு அதே கண்டிப்பு ஏன் இல்லை? இந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது என்றே கருதுகிறேன். இதற்கு அரசு தந்த விடை 2014இல் வந்த எடை வரம்பு. அட்லாண்டிக் ஹெர்ரிங், கானாங்கெளுத்தி வலைகளில் கூடவே படும் ஆற்று ஹெர்ரிங்கும் அதன் உறவான ஷாட் மீனும் குறிப்பிட்ட டன்னை எட்டியதும், அந்தப் பகுதியில் அந்த மீன்பிடிப்புக்கே கடுங்கட்டுப்பாடு வந்துவிடும். 2018இல் வரம்பு எட்டப்பட்டு அவ்வாறே நடந்தது. ஆயினும் வரம்பு எடையைத்தான் பார்க்கிறது; அந்த எடை எந்த ஆற்றிலிருந்து போனது என்பதைப் பார்ப்பதில்லை. பிடிபடுவதைக் கணக்கெடுக்கப் படகில் ஏறும் பார்வையாளர் எடுத்த மாதிரிகளிலிருந்தே மொத்தம் கணிக்கப்படுவதால், பார்வையாளர் எத்தனை பயணங்களில் ஏறினார் என்பதைப் பொறுத்தே அந்தக் கணிப்பின் உறுதி அமைகிறது. கரையிலிருந்து 12 கடல் மைல் வரை, சில இடங்களில் அதற்கு அப்பாலும், நடுநீர் இழுவைக்கு விதிக்கப்பட்ட தடை 2021இல் நடைமுறைக்கு வந்தது. 2022இல் கூட்டாட்சி நீதிமன்றம் அதை நீக்கிவிட்டது. கரையோரப் பகுதியைக் காக்க வேறு விதியை எழுத வேண்டும் என்று தூண்டில்காரர் சங்கங்கள் அன்றிலிருந்து வலியுறுத்தி வருகின்றன. அட்லாண்டிக் ஹெர்ரிங்கே குறைந்து அதன் ஒதுக்கீடு கடுமையாக வெட்டப்பட்டுவிட்டதால் பெருவலைகளின் நடமாட்டம் இப்போது குறைந்திருக்கிறது என்பதும் உண்மை. அந்த மீன் தேறி, வலை திரும்பி வரும்போது விதி ஆயத்தமாக இருக்குமா என்பதே அவர்கள் அச்சம்.

மறுபக்கத்துக் கேள்வியையும் மறைக்கக் கூடாது. 1980களில் ஸ்ட்ரைப்டு பாஸ் அழிவின் விளிம்புக்குப் போய், கடுந்தடையால் மீண்டு, 1995இல் தேறிவிட்டதாக அறிவிக்கப்பட்டது. ஹோலியோக்கில் நீலமுதுகு சரிந்ததும் ஏறக்குறைய அதே ஆண்டுகளில்தான். தூண்டில்காரர் போற்றுகிற பாஸே ஹெர்ரிங்கைத் தின்று தீர்த்ததா என்று கனெக்டிகட் ஆற்றை ஆராய்ந்தவர்கள் கேட்டிருக்கிறார்கள். சிறுத்துவிட்ட கூட்டம் மீளவிடாமல் வேட்டை மீன் அழுத்தக்கூடும் என்பது உண்மைதான். ஆனால் இரண்டு மீன்களும் பல்லாயிரம் ஆண்டுகளாக ஒரே ஆற்றில் வாழ்ந்தவை. அந்தக் காலத்தில் ஹெர்ரிங் குறையவில்லை. அணையின் அடியில் ஏற வழியின்றித் தேங்கி நிற்கும் ஹெர்ரிங், பாஸுக்குத் தட்டில் வைத்த சோறு. அங்கே தின்றது பாஸ் என்றாலும், நிறுத்திவைத்தது அணை. மேலும் 2019இல் வெளிவந்த மதிப்பீடு பாஸும் மிகையாகப் பிடிக்கப்பட்டிருக்கிறது என்று சொல்லிவிட்டது; ஆகவே இரையும் குறைந்து, இரை தின்பதும் குறைந்த நிலையில்தான் அந்தக் கரை இருக்கிறது.

தூண்டில்காரரின் கவலை எப்போதும் ஹெர்ரிங்கின் பக்கமே நின்றதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். மெய்ன் மாநிலத்துக்கும் கனடாவின் நியூ பிரன்சுவிக்குக்கும் எல்லையாக ஓடும் செயின்ட் குரோய் ஆற்றில் 1987இல் ஏறிய ஏல்வைஃப்கள் 26 லட்சம். அந்த ஆற்றின் மேல்பகுதி ஏரிகளில் சிறுவாய் பாஸ் என்னும் வேறொரு மீனுக்காகத் தூண்டில் பயணிகளை அழைத்துச் செல்லும் வழிகாட்டிகள், ஓர் ஏரியில் தங்கள் மீன் குறைந்ததைக் கண்டு, பெருகிவரும் ஏல்வைஃப்தான் காரணம் என்று நம்பினார்கள். அவர்கள் வற்புறுத்தலால் மெய்ன் சட்டமன்றம் 1995இல் மீன் ஏணிகளை அடைக்கச் சட்டம் இயற்றியது. 2002இல் ஏறிய மீன்கள் 900. சிறுவாய் பாஸ் அந்த ஆற்றுக்கு வெளியிலிருந்து கொண்டுவந்து விடப்பட்டது. ஏல்வைஃபோ, தங்கள் மொழியில் அதற்கு ‘இளவேனில் மீன்’ என்று பெயரிட்ட பாசமக்வாடி பழங்குடி மக்களின் உணவாக முன்னோர் காலத்திலிருந்து இருந்தது. பின்னர் நடந்த ஆய்வு, மற்ற ஏரிகளில் இரண்டும் கேடின்றிச் சேர்ந்து வாழ்வதைக் காட்டியது. பாசமக்வாடி மக்கள் இடைவிடாது கேட்டதன் பேரில் 2013இல் ஏணிகளைத் திறக்கச் சட்டம் வந்தது. வழிகாட்டிகள் தீய எண்ணத்தில் அதைச் செய்யவில்லை. தங்கள் ஏரியில் கண்டதை வைத்து முடிவெடுத்தார்கள். அவ்வளவு வலுவான நம்பிக்கையும் தவறாகலாம் என்பதற்காகவே, இன்று இழுவலையைப் பற்றிப் பேசும்போது படகில் பார்வையாளரும், ஆற்றில் கணக்கும், ஆய்வகத்தில் மரபணுவும் வேண்டும் என்று கேட்பது சரியாகப் படுகிறது.

இந்த மீனை அழியும் இனமாக அறிவிக்கச் சொல்லி 2011இல் இயற்கை வளப் பாதுகாப்புக் குழு மனுக் கொடுத்தது. 2013இல் மறுக்கப்பட்டு, வழக்கு நடந்து, மறுபடி ஆராய்ந்து, 2019இல் மீண்டும் மறுக்கப்பட்டது. நலிந்தது என்பதும் அழியும் நிலையிலுள்ளது என்பதும் வேறு வேறு அளவுகோல்கள். கரை முழுதும் சேர்த்துப் பார்த்தால் அந்த இனம் அற்றுப்போகும் நிலையில் இல்லை என்பதே அந்த முடிவின் பொருள். ஆனால் ஓர் ஊரின் ஓடையில் மீன் நின்றுவிட்டால், கரை முழுதும் சேர்த்த கணக்கு அந்த ஊருக்கு ஆறுதல் தராது.

வழி திறந்த இடங்களில் நடந்ததைப் பார்த்தால் மனம் நிறைகிறது. மெய்ன் மாநிலத்தின் அகஸ்டா நகரில் கென்னபெக் ஆற்றை மறித்திருந்த எட்வர்ட்ஸ் அணை 1999இல் உடைக்கப்பட்டது. அதன் கிளையாறான செபாஸ்டிகுக்கில் ஃபோர்ட் ஹாலிஃபாக்ஸ் அணை 2008இல் போயிற்று. அதற்கு மேலேயுள்ள பென்டன் ஃபால்ஸ் மீன் தூக்கியில் 2018இல் எண்ணப்பட்டவை 50 லட்சத்துக்கும் மேல். பெனோப்ஸ்காட் ஆற்றில் 2012இலும் 2013இலும் இரண்டு அணைகள் அகற்றப்பட்ட பிறகு, சில ஆயிரமாக இருந்த ஏற்றம் 20 லட்சத்தைத் தாண்டிய ஆண்டுகள் வந்தன. அணையை உடைத்ததோடு, வேறு ஆற்றிலிருந்து சினை மீன்களை வண்டியில் கொண்டுவந்து மேல் ஏரிகளில் விட்டதும் அதற்குத் துணை. நல்ல குளம் ஒரு ஏக்கருக்கு ஏறத்தாழ 235 மீன்களைத் தரும் என்பது மெய்ன் மீன்வளத் துறையின் கணக்கு. இத்தனை மீன் வரும் இடத்தில் மற்றவையும் வருகின்றன. கழுகுகள் கூட்டமாக வந்து மரங்களில் அமர்கின்றன, நீர்நாய்கள் வருகின்றன. ஏல்வைஃபின் செவுளில் ஒட்டிக்கொண்டு ஆற்றின் மேற்பகுதிக்குப் பயணம் செய்யும் ஒருவகை நன்னீர்ச் சிப்பியின் குஞ்சுகளுக்கும் ஊர்தி கிடைக்கிறது. இந்த மீன் ஏறாத ஆற்றில் அந்தச் சிப்பி பரவும் வாய்ப்பு குறைவு.

தென்பகுதியின் சில ஆறுகளில் இன்னும் அத்தகைய மீட்சி இல்லை. சோவன் ஆறு மூடி இருபது ஆண்டுகள் நெருங்குகின்றன. மீன்பிடிப்பை மட்டும் நிறுத்தினால் போதாது என்பதை அந்த ஆறு சொல்லிக்கொண்டிருக்கிறது. பொறுமையும் வேண்டும். இன்று திறந்த குளத்தில் இட்ட முட்டையிலிருந்து வரும் மீன் முதல் முறை திரும்பி ஏற மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் ஆகும். ஆகவே இரண்டாம் ஆண்டுக் கணக்கைப் பார்த்துவிட்டுத் திட்டம் தோற்றது என்று சொல்லிவிடக் கூடாது.

செயின்ட் குரோய் ஆற்றில் ஏல்வைஃப் மீண்டும் லட்சக்கணக்கில் ஏறத் தொடங்கியிருக்கிறது. அதன் வாய்க்கு அருகில் 1880களிலிருந்து மின்சாரம் எடுத்துவந்த மில்டவுன் அணையை 2023இல் அகற்றத் தொடங்கினார்கள். அதற்கு மேலே உட்லண்டிலும் கிராண்ட் ஃபால்ஸிலும் நிற்கும் அணைகளைக் கடந்தால்தான் பெரிய ஏரிகள். அங்குள்ள ஏணிகள் பழையவை, சிறியவை. ஏறி வரும் கூட்டத்துக்கு அந்த வழி போதாது என்பதால், அவற்றை மாற்றிக் கட்டுவதுதான் அந்த ஆற்றின் அடுத்த வேலை.